சான் லா கேட்ட வாய்தா

இன்னும் கூப்பிடவில்லை. முதல் கேஸே முடிகிற வழியாக இல்லை. சாட்சிக் கூண்டில் ஒரு பர்மியக் கிழவி நிற்கிறாள், வாயில் வெற்றிலை இல்லை, ஆனாலும் மென்றுகொண்டே இருக்கிறாள். தம்பி எழுதிவைத்த உயிலைப் பற்றிக் கேட்டால் அவன் சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த கதையைச் சொல்கிறாள். அவள் சொல்வது ஜட்ஜுக்குப் புரிகிறது. ஜட்ஜ் ஊ போ தெய்ங் பர்மியர்தான், இதே ஐராவதிக் கரையில் பிறந்தவர். ஆனால் எதிர்த்தரப்பில் நிற்கிற வங்காளி வக்கீல் சாட்டர்ஜிக்குப் பர்மிய மொழி வராது, இருபத்தைந்து வருஷம் இந்த ஊர் மீனைத் தின்றும் வரவில்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்லும்வரை ஜட்ஜ் பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறார். அந்த மொழிபெயர்ப்பாளரும் காக்கிநாடாக்காரர். பர்மியக் கிழவி பர்மிய ஜட்ஜிடம் பேச நடுவில் ஒரு தெலுங்கர் வேண்டியிருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் சான் லா பக்கத்து நாற்காலியிலிருந்து என் பக்கம் சாய்ந்து, "சயா, இனி என் அம்மா என்னிடம் தண்ணீர் கேட்டால்கூட நீங்கள்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது" என்பான். இங்கே எல்லா வக்கீலும் சயாதான், ஆசிரியர் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நானும் சிரிப்பேன். இன்றைக்குச் சாய்வதற்கு ஆள் இல்லை, நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இரண்டாவது கேஸ் எங்களுடையது, அவனுக்கும் எனக்கும். என் பின்னால் பெஞ்சில் என் கட்சிக்காரர் பீர் ராவுத்தர் உட்கார்ந்து என் கழுத்தின் மேல் மூச்சு விடுகிறார். அவருடைய அரிசி ஆலைக்கு முன்னாலிருக்கிற படகுத்துறை யாருக்குச் சொந்தம் என்பது வழக்கு. ஆலை கட்டிய நாள்முதல் துறை என்னுடையது என்கிறார் ராவுத்தர். ஆலை வருவதற்கு முன்னாலேயே ஆறு இருந்தது, அன்றிலிருந்து எங்கள் படகு இங்கேதான் கட்டுகிறது என்கிறார்கள் சான் லாவின் கட்சிக்காரர்களான படகுக்காரர்கள். இரண்டும் நியாயம் மாதிரித்தான் இருக்கிறது, அதனால்தான் வக்கீல்கள் பிழைக்கிறோம்.

"வக்கீலய்யா, அந்தாளு வரலபோல" என்று ராவுத்தர் காதில் ஊதுகிறார். "கூப்பிட்ட உடனே எக்ஸ்பார்ட்டி வாங்கிருங்க." பொறும் என்று கையைக் காட்டுகிறேன். எதிரி வக்கீல் வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்புக் கேட்கலாம், சட்டம் தருகிறது. ஆனால் இந்தக் கோர்ட்டில் யாரும் கேட்பதில்லை. இந்த ஊருக்கு ரயில் கிடையாது, எல்லோரும் ஆற்றில் வருகிறவர்கள், ஓதம் ஏறும் இறங்கும், சம்பான் படகு ஓட்டுகிறவன் குடித்திருப்பான். ஆகவே எதிரி வக்கீலைக் காணோம் என்றால் நாமே எழுந்து நின்று, என் நண்பர் ஆற்றில் இருக்கிறார் போலிருக்கிறது, கேஸைக் கடைசியில் கூப்பிட வேண்டும் என்று கேட்போம். ஜட்ஜும் சரி என்பார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் புத்தகத்தில் இருக்கிற எதையும்விட ஒழுங்காக நடந்துவந்தது. போன மாதம் வரை. போன மாதம் சாட்டர்ஜியின் படகு சேற்றில் மாட்டிக்கொண்டது. எதிர்ப்பக்கம் பா மௌங் என்ற புதுப் பையன், ரங்கூனில் படித்து வந்தவன், எழுந்து நின்று எக்ஸ்பார்ட்டி கேட்டு வாங்கிவிட்டான். முழங்கால்வரை சேறோடு வந்த சாட்டர்ஜியிடம், "வழக்கமா? யார் வகுத்த வழக்கம்? கலாக்கள் வகுத்ததா?" என்று கேட்டானாம். கலா என்றால் கடல் தாண்டி வந்தவன். அந்த வார்த்தையை நான் பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன். கடைத்தெருவில் கேட்டால் வலிக்காது. வக்கீல்கள் அறையில் கேட்டபோது என்னமோ செய்தது. அன்றைக்குச் சான் லா அங்கேதான் இருந்தான். பா மௌங்கை ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் மறக்கவில்லை. அவனுக்கு இரண்டு பக்கமும் இடி, மத்தளம் மாதிரி, என்று என் மனைவி கோமதி சொன்னாள். மத்தளமாவது சத்தம் போடும் என்றேன். இப்போது நான் எழுந்து கடைசியில் கூப்பிடச் சொல்ல வேண்டுமா, ராவுத்தர் சொல்கிறபடி செய்ய வேண்டுமா? காலையிலிருந்து இதையேதான் அரைத்துக்கொண்டிருக்கிறேன். அரைத்த மாவையே அரைக்கிறவனுக்கு வக்கீல் என்று பெயர்.

வராமலிருக்க அவனுக்கு ஆறு ஒரு சாக்கு இல்லை. சான் லாவின் வீடு கோர்ட்டுக்குப் பின் தெருவில்தான், அவன் தும்மினால் இங்கே கேட்கும். உடம்பு சரியில்லையென்றால் சொல்லியனுப்பியிருப்பான். காலையில் வக்கீல்கள் அறையில் கவுன் எடுக்கப் போனபோதே அவனுடைய ஆணி வெறும் ஆணியாக இருந்தது. எங்கள் கவுன்கள் எல்லாம் ராத்திரி அங்கேயே ஆணியில்தான் தொங்கும், வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் கிடையாது. சரி, வந்துவிட்டான், கவுனைப் போட்டுக்கொண்டு எங்கேயோ நிற்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் பா மௌங்கின் ஆணியும் வெறுமை. அதற்கடுத்ததும் அப்படித்தான். பர்மியர்களின் ஆணிகள் எல்லாமே வெறுமையாக இருந்தன. எங்கள் கவுன்கள் மட்டும், வங்காளி, குஜராத்தி, தமிழ், வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சாட்டர்ஜியிடம் சொன்னேன். "தனி அறை பார்த்துவிட்டார்கள், தனிச் சங்கம் வைக்கப்போகிறார்கள், போகட்டும், இங்கே கொஞ்சம் காற்று வரும்" என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது. வக்கீல் சங்கத் தலைவர் இந்த மண்ணில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று போன கூட்டத்தில் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதைத் தோற்கடித்தது நான்தான். கருத்தைத் தொடவே இல்லை, முன்னறிவிப்பு போதாது, விதிப்படி செல்லாது என்று ஒரே அடி. எங்கள் பக்கத்தில் மேஜையைத் தட்டினார்கள். அவர்கள் பக்கத்தில் ஒருவன் மூலையிலிருந்த இரண்டு தண்ணீர்ப் பானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று பொது, ஒன்று ஐயங்கார் வக்கீலின் ஆசாரத்துக்கு. ஐயங்கார் காலமாகி நாலு வருஷமாகிறது, அந்தப் பானையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர்கள் நாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு அவர்கள் தொட்டால் தீட்டு என்று ஒரு பானை வைத்திருந்தால் யாருக்குத்தான் எரியாது. எரியட்டுமே, அதற்காகக் கவுனைக் கழற்றிக்கொண்டு போவதா? தனிச் சங்கம் வைப்பதென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமே. சொல்லாமல், எல்லோரும் ஒரே சாயங்காலத்தில், மழைக்கு முன்னால் கொடியில் காயும் துணியை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கிழவி இன்னும் மாமரத்தடியில்தான் இருக்கிறாள். ஆற்றுப் பக்கமிருந்து ஸ்டீமர் ஊதுகிறது. முதல் ஊதல். முதல் ஊதல் சரக்குக்கு, இரண்டாவது ஆட்களுக்கு, மூன்றாவது ஆற்றுக்கு என்பாள் உலகு, என் மகள், ஒன்பது வயது, உலகம்மாள். மூன்றாவது ஊதியதும் பலகையை எடுத்துவிடுவார்கள், அப்புறம் கவர்னரே வந்தாலும் ஏற முடியாது. பகல் ஸ்டீமர். இதைப் பற்றித்தான் சான் லா நேற்றுச் சொன்னான். கோர்ட் கலைந்து வராந்தாவில் நின்றிருந்தோம், மழை விட்டும் விடாமலும் இருந்தது. "சயா, நாளைக்கு நம் கேஸுக்கு வாய்தா வாங்கிக்கொள்வோம், இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம்" என்றான். என்ன காரணம் என்றேன். "காரணம் வேண்டுமா?" என்றான். காரணமில்லாமல் வாய்தா கேட்க இதென்ன உன் வீட்டுக் கல்யாணமா என்றேன். அவன் சிரிக்கவில்லை. முண்டாசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ரோஜா நிறப் பட்டுத் துணியை விரலால் தடவிக்கொண்டே நின்றான். "நாளைப் பகல் ஸ்டீமரில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ரங்கூன் போங்கள். அங்கே இப்போது பட்டாளம் இறங்கிவிட்டது, கலவரம் அடங்கிவிட்டது. உலகுக்குப் பெரிய பகோடாக் கோயிலைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என்னை ஸ்டீமரில் ஏற்றிவிட்டு இவன் இங்கே வந்து நிற்பான். வாதியின் வக்கீல் ஆஜராகவில்லை, வழக்கைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்பான். பா மௌங் வழி காட்டிவிட்டான் அல்லவா? துறை படகுக்காரர்களுக்குப் போய்விடும், ஊர் இவனைத் தோளில் தூக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கப் பார்க்கிறான். இதெல்லாம் ஒரு நொடியில் என் மண்டையில் ஓடிவிட்டது, பதினெட்டு வருஷத் தொழில் அப்படிப் பழக்கியிருக்கிறது. வாய்தா என்று ஒரு வக்கீல் வாயைத் திறந்தாலே அவன் கை எந்தப் பைக்குள் இருக்கிறது என்று பார்ப்போம். "மனுப் போடு, நான் ஆட்சேபம் சொல்கிறேன்" என்றேன், இங்கிலீஷில், கோர்ட் குரலில். அவன் என்னைப் பார்த்தான். என்ன பார்வை அது. கோபமென்றால் எனக்குப் புரிந்திருக்கும். "சரி சயா" என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான். கையில் ஏதோ கறுப்பாக மடித்து வைத்திருந்தான். துணி என்று நினைத்தேன். கவுன்தான் அது.

வீட்டுக்குப் போனால் கோமதி அதையே பிடித்துக்கொண்டாள். சோறு போட்டுக்கொண்டே, "அத்தான், சாயங்காலம் மா கின் வந்தா" என்றாள். மா கின் சான் லாவின் மனைவி, கோமதிக்கும் அவளுக்கும் அப்படி ஒரு சிநேகம், பாதி பர்மியம் பாதித் தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். "நாளைக்கு உலகுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம்னு சொல்லுதா. ஒண்ணு ஸ்டீமர் ஏறுங்க, இல்ல நீயும் பிள்ளையும் எங்க வீட்ல வந்து இருங்கன்னு சொல்லுதா." ஏன் என்று கேட்டாயா? "கேட்டேன். கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுக் கையப் பிடிச்சா. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?" யார் சொன்னதாம், எப்போது சொன்னதாம், இவளே பார்த்தாளா, யாரோ சொல்லக் கேட்டாளா? கோமதி கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். "கோர்ட்டுல கேக்குத மாதிரி என்னக் கேக்காதீங்க. அவ பொம்பள, நான் பொம்பள. எங்களுக்குச் சாட்சி வேண்டாம்." கேள்விச் சாட்சி செல்லாது என்று சொல்லிச் சிரித்துவிட்டு மோர் கேட்டேன். புருஷன் ஒரு வாசலில் வந்தான், முடியவில்லை, மனைவியை அடுத்த வாசலில் விடுகிறான், படகுக்காரர்கள் எவ்வளவு பேசியிருப்பார்களோ என்றுதான் அப்போதும் நினைத்தேன். காலையில் உலகு ரிக்‌ஷாவில் ஏறமாட்டேன் என்று அடம். "அம்மா போகவேண்டாங்கா" என்றாள். படிப்பு வாய்தா போடுகிற காரியமா என்று நானே தூக்கி உட்கார வைத்தேன். ரிப்பன் அவிழ்ந்துவிட்டது, கட்டத் தெரியாமல் முடிச்சுப் போட்டேன், அப்பா இது முடிச்சு, பூ இல்ல என்றாள். ரிக்‌ஷா கடைத்தெருப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஏன் நின்றேன்? கோமதி வாசலுக்கே வரவில்லை. பள்ளிக்கூடம் கடைத்தெருவுக்கு அந்தண்டை, ஸ்டீமர் துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீடு இந்தண்டை. நடுவில் முழுக்க நம்மவர்கள் கடைகள்.

"வக்கீலய்யா" என்று ராவுத்தர் மறுபடியும். "ஒரு பாயிண்டு சொல்ல மறந்துட்டேன். காலையில நம்ம துறையில படகு வந்து கட்டியிருக்கானுவ. கேஸ் நடக்கிறப்பவே. எழுதிக்கிடுங்க." நானும் பார்த்தேன். கோர்ட்டுக்கு வரும்போது பார்த்துவிட்டு மனசுக்குள் கையைத் தட்டிக்கொண்டேன். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அத்துமீறல், இதைவிட நல்ல சாட்சியம் யாருக்குக் கிடைக்கும்? எத்தனை படகு, எங்கே கட்டியிருக்கிறது என்று ரிக்‌ஷாவை நிறுத்திப் பார்த்துக்கொண்டேன். பெரிய பெரிய நெல் படகுகள். "சரக்கு என்னவாம்?" என்று கேட்கிறேன், சும்மா கேட்டு வைப்போம் என்று. ராவுத்தர், "சரக்கா? சரக்கு ஒண்ணையும் காணோம். ஆளுதான். வாலிபப் பயலுவ. எந்த ஊர்க்காரனுவளோ தெரியல, எல்லாம் படகுக்குள்ளயே குந்திக்கிட்டு இருக்கானுவ, எறங்கவும் மாட்டேங்கிறானுவ" என்கிறார். நெல் படகு. ஆடி மாதம். ஆற்றில் வெள்ளம், வயலில் நாற்று, ஊரில் ஒருபடி புதுநெல் கிடையாது, அறுவடைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஆடி மாதத்தில் நெல் படகு எதற்கு வரும்? நான் பதினெட்டு வருஷம் இந்த நெல்லைச் சாப்பிட்டவன், நெல் படகு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். படகைப் பார்த்தேன், கட்டிய இடத்தைப் பார்த்தேன், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கவில்லை. ஒருவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். மூங்கில் வெட்ட என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா? எட்டு வருஷத்துக்கு முன்னால், துறைமுகத்து இந்தியக் கூலிகளை அடித்தார்களே அந்தச் சமயம், ரங்கூனில் ஒரு தெருவில் நடந்தேன். பிணமெல்லாம் எடுத்துவிட்டார்கள், செருப்புகளை மட்டும் எடுக்கவில்லை. தெரு முழுக்கச் செருப்பு, ஒவ்வொன்றும் ஒற்றைச் செருப்பு. ஓடுகிறவன் ஒரு செருப்பைத்தான் விடுவான் போலிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கூலிகளுக்கு நேர்ந்தது, வக்கீல்களுக்கு நேராது என்றும் யோசித்தேன். அப்படியும் ஒரு நினைப்பு இருந்தது எனக்கு.

இரண்டாவது ஊதல். ஆட்களுக்கு. இதற்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஆற அமர ஒரு காப்பி குடிக்கலாம். இப்போது எழுந்து போனால் பள்ளிக்கூடம், அங்கிருந்து உலகுவைத் தூக்கிக்கொண்டு துறை, கோமதிக்கு ஆள் விட்டு, இல்லை, கோமதி முதலில், கோமதியை விட்டுவிட்டு எப்படி, வீடு இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். எழுந்து போக வேண்டியதுதானே. கால் எழவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான்கு படகையும் நாலைந்து வெறும் ஆணியையும் வைத்துக்கொண்டு, கேஸ் கூப்பிடும் நேரத்தில் கட்சிக்காரரை விட்டுவிட்டு ஓடினான் நெல்லையப்ப பிள்ளை என்றால் நாளைக்குச் சாட்டர்ஜி என்ன சொல்வார்? பதினெட்டு வருஷத்தில் கூப்பிட்டபோது நான் இல்லாமல் போனதே கிடையாது. ஒரே ஒரு நாள் தவிர. அதுவும் இதே சான் லா எதிர்ப்பக்கம் நின்ற கேஸ்தான். கோமதிக்கு வலி எடுத்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சம்பானில் கொண்டுபோனோம், கோர்ட் ஞாபகமே இல்லை. யாருக்கும் சொல்லியனுப்பவில்லை. மறுநாள் ஓடிவந்து கேட்டால் கேஸ் வாய்தா. வாங்கியது சான் லா. அவனுடைய கட்சிக்காரன் கோர்ட்டிலேயே அவனைத் திட்டினானாம். அப்போதிருந்த வெள்ளைக்கார ஜட்ஜ் காரணம் என்ன என்று கேட்டாராம். "என் நண்பருக்குக் காரணம் இருக்கும். நான் கேட்கவில்லை" என்றானாம் சான் லா. இது எனக்கு மொழிபெயர்ப்பாளர் சொல்லித் தெரியும், அவன் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறந்தவள்தான் உலகு. அவன் கேட்கவில்லை. நான் நேற்றுக் கேட்டேன். மனுப் போடு, ஆட்சேபம் சொல்கிறேன் என்றேன். காரணத்தை அவன் எப்படிச் சொல்வான்? சொன்னால் அவன் ஆட்கள் அவனை விடுவார்களா? வக்கீலுக்கு வக்கீல் சொல்லக்கூடிய ஒரே வார்த்தையில் சொன்னான், யார் காதில் விழுந்தாலும் சந்தேகம் வராத வார்த்தை, வராந்தாவில் நின்று நாள் பூராவும் சொல்கிற வார்த்தை. உலகத்தில் வேறு எவனுக்குச் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்கும். மா கின் கோமதியின் கையைப் பிடித்தாள், கோமதிக்குப் புரிந்துவிட்டது. சான் லா, அட சான் லா, நீ என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? பயமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

கிழவி கூண்டிலிருந்து இறங்குகிறாள். இறங்குகிறவள் போகிற போக்கில் எங்கள் மேஜையைப் பார்க்கிறாள், சாட்டர்ஜியை, என்னை, ராவுத்தரை, ஒவ்வொருவராக. பாவம் என்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. கிழவிக்குக்கூடத் தெரியுமா? சேவகன் வராந்தாவில் போய் எங்கள் கட்சிக்காரர்கள் பெயரைக் கத்துகிறான். பீர் ராவுத்தர் வாதி. படகுக்காரர்கள் பிரதிவாதி. வராந்தாவில் பதிலே இல்லை. வழக்கமாக வேர்க்கடலைக்காரன், முத்திரைத்தாள்காரன், வெட்டிக்கு நிற்கிறவன் என்று இரைச்சலாக இருக்கும், இன்றைக்குச் சேவகனின் குரல் போய் எதிர்ச்சுவரில் முட்டித் திரும்பி வருகிறது. எழுந்து நிற்கிறேன். ஜட்ஜ் காலி நாற்காலியைப் பார்க்கிறார், அப்புறம் என்னை. "எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. நீங்கள் கேட்பது என்ன, மிஸ்டர் பிள்ளை?" இங்கிலீஷில்தான். பின்னாலிருந்து ராவுத்தர் கவுனைப் பிடித்து இழுக்கிறார், "கேளுங்கய்யா, கேளுங்க." "நானும் என் நண்பர் ஊ சான் லாவும் சேர்ந்து வாய்தா கேட்கிறோம்" என்கிறேன். ராவுத்தர் கவுனை விட்டுவிட்டார். சாட்டர்ஜி தலையைத் திருப்பி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். "உங்கள் நண்பர் இங்கே இல்லையே" என்கிறார் ஜட்ஜ். நேற்றே என்னிடம் சொல்லிவிட்டார் என்கிறேன். "காரணம்?" அவருக்கும் என்னைப் போலவே பழக்கம், அந்தக் கேள்வி தானாக வருகிறது. "என் நண்பருக்குக் காரணம் இருக்கும். நான் கேட்டிருக்கக் கூடாது" என்கிறேன். குரல் கோர்ட் குரலாக இல்லை, யார் குரல் என்றே தெரியவில்லை.

ஊ போ தெய்ங் பேனாவைக் கீழே வைக்கிறார். கையைப் பார்க்கிறார். இத்தனை வருஷத்தில் அந்த மேடையிலிருந்து அவர் என்னிடம் இங்கிலீஷைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது குனிந்து, மொழிபெயர்ப்பாளருக்குக்கூடக் கேட்காத குரலில், பர்மிய மொழியில் சொல்கிறார்:

"நேற்றே சரி என்றிருக்கலாமே, சயா."

மூன்றாவது ஊதல், நீளமாக, ஆற்றுக்கு. அது ஓய்ந்ததும் கடைத்தெருப் பக்கமிருந்து பலகைக் கதவுகளைச் சாத்துகிற சத்தம் கேட்கிறது, ஒரு கடை, அடுத்த கடை, அதற்கடுத்த கடை, கோர்ட்டை நோக்கி வருகிறது. வாய்தா கொடுத்தோம் என்று ஜட்ஜ் இங்கிலீஷில் சொல்லித் தேதி குறிக்கிறார். ராவுத்தர் என்னமோ கேட்கிறார். ஆணி, கவுன், முடிச்சுப் போட்ட ரிப்பன். போ, போ என்று உடம்பெல்லாம் சொல்கிறது. நான் குனிந்து, மிக்க நன்றி மை லார்ட் என்று சொல்லி, முதுகைக் காட்டக் கூடாது என்பதால் வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து, அதற்கப்புறம்தான் ஓடத் தொடங்குகிறேன்.